ஒரு வீட்டில ஒண்டுதான்

“எங்கட வீட்டில ஒண்டுதான் இருந்தது தம்பி.”

ஏணியில் ஏறுவதற்கு முன் வயரிங் அண்ணை சொன்னது இவ்வளவுதான். கையில் ஒரு ஜாம் போத்தல். காலடியில், பெட்டிகளுக்குள் இன்னும் 119. நான் போனில் பெயின்ற் கடைக்காரரோடு ஒரு நிற இலக்கத்துக்காக மல்லுக்கட்டிக்கொண்டு நின்றேன். போனைக் காதிலிருந்து எடுக்காமலே, “அது அப்ப அண்ணை, இது டெக்கரேஷன்தானே” என்றேன். “ஓமோம்” என்றார். ஏறினார். அன்று பின்னேரத்துக்குள் 30 போத்தல் கொழுவி முடித்தார்.

சண்டை இல்லை, முகச்சுளிப்பு இல்லை. அடுத்த நாளும் நேரத்துக்கு வந்தார். தேத்தண்ணிக்கு என்னோடுதான் வந்து இருந்தார். ஆனால் இரண்டு வருடமாக, யாழ்ப்பாணத்துப் பூங்கா ஒன்றுக்குள் பழைய ஊர் வீடு மாதிரி நான் வரைந்து கொடுத்த அந்த உணவகத்தின் படத்தை யாராவது அனுப்பும்போதெல்லாம் எனக்கு முதலில் கேட்பது அந்த ‘ஒண்டுதான்’.

ஜாம் போத்தல் விளக்குகளைக் கொழுவும் யோசனை என்னுடையது. இதை முதலே ஒத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அந்தப் பூங்காவில் நான் தோற்ற இடங்களைப் பற்றித்தான் இதுவரை எல்லாரிடமும் கதைத்திருக்கிறேன். இது நான் வென்ற இடம்.

முதலாளியின் மகன் கனடாவிலிருந்து வந்து நின்ற நேரம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு புளோரிடா போய் வந்தவர். அங்கே டிஸ்னியின் பூங்கா ஒன்றில் 1989 இல் திறந்த ஓர் உணவகம் இருக்கிறது. 1950களின் அமெரிக்க வீட்டுக் குசினி மாதிரியே மேசை, கதிரை, பழைய கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி. பரிமாற வருகிறவர்கள் வீட்டு ஆட்கள் மாதிரி நடிப்பார்கள். மேசையில் முழங்கையை ஊன்றினால் பேச்சு விழும். மரக்கறியை மிச்சம் விட்டால் அதற்கும் விழும். காசு கொடுத்துப் பேச்சு வாங்கிச் சிரித்துக்கொண்டு வருகிறார்கள். “இங்க ஒரு ஆச்சியை விட்டுப் பேசவைச்சா எப்பிடி இருக்கும்?” என்றார். “இங்க அது வீட்டில சும்மா கிடைக்குது” என்றேன். அவரும் சிரித்தார். ஆனால் நான் பகிடிக்குச் சொன்னதில்தான் முழுச் சிக்கலும் இருந்தது. அப்போது எங்கள் இரண்டு பேருக்கும் அது விளங்கவில்லை.

டிஸ்னிலாந்தை 1955 இல் கலிபோர்னியாவில் திறந்தபோது பூங்காவைச் சுற்றி உயரமாக மண் அணை போட்டார்கள். உள்ளே நிற்கிறவன் கண்ணில் வெளியே உள்ள தெருவோ கடையோ படக்கூடாது. டிஸ்னியின் எப்கொட் பூங்காவில் ஒரு குளத்தைச் சுற்றி 11 நாடுகளைக் கட்டி வைத்திருக்கிறார்கள். அதில் மொரோக்கோவும் உண்டு. பக்கத்துத் தெருவில் உண்மையான மொரோக்கோ இல்லாதபடியால் அது மொரோக்கோவாகவே நின்றுவிடுகிறது. நாங்கள் செய்யப் போனதோ யாழ்ப்பாணத்துக்குள் ஒரு யாழ்ப்பாணம். மதிலுக்கு அங்கால் உண்மையான பனை நிற்கிறது. அதன் ஓலை காற்றுக்குச் சலசலக்க, அதற்குக் கீழே எங்கள் பிளாஸ்ரிக் கூரை ஒரு சத்தமும் இல்லாமல் கிடக்கிறது.

கூரைக்காக நான் சண்டை பிடித்தேன். கிடுகு உக்கும், எலி வரும், நெருப்புப் பயம், அடிக்கடி மாற்ற வேண்டும் என்றார்கள். எல்லாம் உண்மை. தோற்றேன். கிணற்றில் தண்ணீர் அள்ளுகிற துலா வைத்தோம், அதுவும் ஏறி இறங்காது. பிள்ளைகளின் தலையில் அடித்துவிடும் என்று ஆடுகாலோடு சேர்த்து போல்ற் போட்டு இறுக்கியாயிற்று. அதில் சாய்ந்துகொண்டு படம் எடுக்கிறார்கள்.

சங்கடப்படலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். தெருவால் போகிறவன் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கட்டும் என்று வீட்டுக்காரன் தன் படலைக்குக் கூரை போட்டு, இரண்டு பக்கமும் திண்ணை கட்டி விட்டதுதான் அது. வீட்டின் மிச்சம் எல்லாம் வீட்டுக்காரனுக்கு, அது மட்டும் ஊருக்கு. எங்களுடையது ரிக்கற் கவுண்டரைத் தாண்டித்தான் வருகிறது. திண்ணையின் மெழுகு நிறம் உரிந்துவிடும் என்று திறந்து இரண்டாம் கிழமையே ‘இருக்க வேண்டாம்’ என்று ஒரு பலகையும் வந்துவிட்டது. வரைபடம் என்னுடையது. கவுண்டரை முன்னுக்குப் போட்டதும் நான்தான். வாகனம் நிறுத்த வேறு இடம் இல்லை. இதையெல்லாம் பகிடியாகச் சொல்லி மற்றவர்களைச் சிரிக்க வைக்க என்னால் முடியும். பரிமாறுகிற பெடியன்கள் வேட்டியை இடைக்கிடை இழுத்துக் கட்டிக்கொண்டு நாற்சார் முற்றத்துக்குள் கொத்துரொட்டி கொண்டு ஓடுவதையும் சொல்லலாம். ஒடியல் கூழ் பட்டியலில் முதலாவது, மேசைகளில் கொத்துத்தான்.

விளக்கை மட்டும் அப்படிச் சொல்ல வருவதில்லை.

1990 இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்ற காலத்தைத் தெரியாதவர்களுக்காக: ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு. அந்தப் பஞ்சு நனைகிற அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய். சைக்கிள் வால்வுக்குள் நுழைத்த நூல்திரி, அதைப் பிடிக்க ஒரு கம்பி. போத்தலே சிமினி. அரிக்கன் லாம்பு குடிக்கிற எண்ணெயில் ஒரு துளிதான் இதற்குப் போகும். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெய் வரிசை என்றால் என்ன என்று தெரிந்தவர்களுக்கு அந்தத் துளியின் விலையும் தெரியும்.

நான் 1988 இல் பிறந்தவன். அந்த வெளிச்சத்தில் எழுத்துக் கூட்டி வாசித்தவன். 1995 ஒக்டோபர் 30 அன்று இரவு வலிகாமம் முழுக்க எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது எனக்கு ஏழு வயது. அதனால் அந்த விளக்கில் எனக்கும் பங்கு உண்டு என்றுதான் நினைத்தேன். வெளியிலிருந்து வந்த யாரோ எடுத்துக் கொழுவவில்லையே. என்னுடைய நினைவில் அது அழகான பொருள். மேசைக்கு நடுவே ஒரு மஞ்சள் வட்டம், அதற்குள் என் கையும் கொப்பியும் மட்டும், வட்டத்துக்கு வெளியே அம்மா. அந்த வட்டத்தைத்தான் ஒவ்வொரு சாப்பாட்டு மேசைக்கும் மேலே கொண்டுவர நினைத்தேன். பல்ப் தெரிவு செய்யும்போது கடையில் 2700 கெல்வின்தான் நன்றாக ஓடும் என்றார்கள். கெல்வின் குறையக் குறைய வெளிச்சம் மஞ்சளாகும். நான் 2200 வேண்டுமென்று நின்று, கொழும்பிலிருந்து எடுப்பித்தேன். தீச்சுடர் அதிலும் கீழே, 1900க்குக் கிட்ட. அவ்வளவு கவனமாகத்தான் செய்தேன்.

அப்படிக் கவனமாகச் செய்தவனுக்கு ஏன் எண்ணிக்கை மட்டும் உறைக்கவில்லை என்பதுதான் கேள்வி. ஒரு வட்டம் வட்டமாகத் தெரிவது சுற்றிவர இருட்டு இருப்பதால். 120 ஐக் கொழுவினால் அது கல்யாண மண்டபம்.

ஆனால் அண்ணை சொன்னது அதைத்தானா? எனக்குத் தெரியாது. சில நாட்களில் அது குறை சொல்லாகவே படவில்லை. ஒரு மனிதர் ஒரு போத்தலைக் கையில் எடுக்கிறார், தன் வீடு நினைவுக்கு வருகிறது, வாய்விட்டுச் சொல்கிறார். என் வேலையின் நோக்கமே அதுதானே? நான் நிமிர்ந்து “உங்கட வீட்டில எங்க வைக்கிறனீங்கள் அண்ணை?” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். வேறு சில நாட்களில், 120 ஹோல்டர், 120 இணைப்பு, அத்தனையையும் ஒரு தொகைக்குப் பேசிப்போட்டேனே என்று அவர் வேலைக்கணக்கைத்தான் சொன்னார் என்று தோன்றும். அப்படியென்றால் நான் இரண்டு வருடமாக ஒரு கூலிப் பிரச்சினையைத் தத்துவமாக்கிக்கொண்டு இருக்கிறேன். (கடைசியில் கூடக் கொஞ்சம் கொடுத்தேன். அவர் எண்ணாமல் சட்டைப்பைக்குள் வைத்தார். அதிலிருந்தும் ஒன்றும் பிடிபடவில்லை.)

மூன்றாவது விளக்கமும் ஒன்று இருக்கிறது. அது இரவில்தான் வரும். எனக்கு ஏழு வயதாக இருந்தபோது அவர் முப்பதைத் தாண்டிய குடும்பகாரர். எனக்கு மஞ்சள் வட்டம் கிடைத்த அதே நேரத்தில் அவர் மண்ணெண்ணெய்க் கானைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றிருப்பார். எங்கள் இரண்டு பேருக்கும் நினைவில் இருப்பது ஒரே போத்தல்தான். ஆனால் அதைக் கொழுத்தி வைத்தவர் அவர், அதற்குக் கீழே இருந்தவன் நான்.

இந்த விளக்கை முடிவுசெய்த கூட்டத்தைப் பற்றியும் சொல்லாவிட்டால் இது முழுதாகாது. போத்தலுக்கு முன் மேசைக்கு வந்தது வேறு யோசனை. பின்பக்கத்தில் ஆறு பேர் இருந்து சாப்பிடக்கூடிய ஓர் அறை, பங்கர் மாதிரி. பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை வைத்து, ‘ட’ வடிவில் ஒடுங்கிய வாசல். “வெளிநாட்டில இருந்து வாற பிள்ளையள் விரும்புவினம்” என்றார் விளம்பரத்துக்குப் பொறுப்பாக நின்ற தம்பி. நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். அதைச் செய்வதென்றால் வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். முதலாளி உடனே கைவிட்டார். அவருக்கும் அது பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன். பங்கரை மறுத்தவன் என்று இன்றைக்கும் நாலு இடத்தில் சொல்லிக்கொள்கிறேன்.

அரை மணித்தியாலம் கழித்து, சரி அப்ப அதற்குப் பதிலாக என்ன என்று கேட்டபோது, நான் எடுத்து வைத்ததுதான் ஜாம் போத்தல். இந்தப் பாதியை நாலு இடத்தில் சொல்வதில்லை.

என்னிடம் அப்போது ஒரு நியாயம் இருந்தது. பங்கர் எங்கள் பயம், விளக்கு எங்கள் கெட்டித்தனம். பயத்தைக் காட்சிக்கு வைக்கக்கூடாது, கெட்டித்தனத்தை வைக்கலாம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டதும், பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்ததும் பெருமையாகத்தானே சொல்கிறோம். கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டினார்கள். இப்போதும் அதில் பிழை இருப்பதாக முழுமனதோடு சொல்லமாட்டேன். ஆனால் இரண்டும் ஒரே வளவுக்குள் இருந்தவை. பிளேன் சத்தம் கேட்டுப் பங்கருக்கு ஓடும்போது ஊதி அணைத்தது அந்த விளக்கைத்தான். அவற்றுக்கு நடுவே நான் போட்ட கோடு கூட்டத்து மேசையில்தான் நேராக இருந்தது.

திறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் ஒரு மூலையில் இருந்தேன். லண்டனிலிருந்து வந்த குடும்பம் ஒன்று. தகப்பன் தலைக்கு மேலே காட்டிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார், போத்தல் நிறைய எண்ணெய் விட்டுக் கொழுத்துவோம் என்று. நிறைய இல்லை, பஞ்சு நனைகிற அளவுக்கு மட்டும் என்று எழும்பிப் போய்ச் சொல்ல வாய் உன்னியது. சொல்லவில்லை. ஆனால் அந்த மேசையில் அந்தக் கதை நடந்ததே. போத்தல் இல்லாவிட்டால் போனில் தலையைக் குனிந்துகொண்டு இருந்திருப்பார்கள். இதை எனக்குச் சாதகமாக எழுதிவைக்கலாம். பிழையாகத்தான் சொன்னார் என்பதையும் பக்கத்தில் எழுதவேண்டும்.

வயரிங் அண்ணையோடு இன்னும் வேலை செய்கிறேன். போன மாதம்கூட ஒரு பல் வைத்தியரின் கிளினிக்குக்குச் சீலிங் லைட் போட வந்தார். மத்தியானம் சோறு சாப்பிடும்போது கேட்டுவிடலாம் என்று இருந்தேன். “அண்ணை, அண்டைக்கு அந்தப் போத்தல்…” என்று தொடங்கினேன். “ஏன், ஏதும் எரியேல்லையோ?” என்று சாப்பாட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தார். “எல்லாம் எரியுது” என்றேன். மீண்டும் சோற்றில் கை வைத்தார்.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனது அதற்குப் பிறகு. இவ்வளவு காலமும் ஏதாவது சாட்டுச் சொல்லித் தள்ளிப்போட்டேன். மின்விசிறிக்குக் கிட்ட இருக்கவேண்டும் என்றார். இடியப்பம் சாப்பிட்டார். சொதிக்குத் தேசிக்காய்ப் புளி காணாது என்றார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே பார்க்கவேயில்லை. பில் வந்து காசு வைத்த பிறகுதான் கைப்பையை எடுத்துக்கொண்டு அண்ணாந்தார். ஒரு வரிசை முழுக்கக் கண்ணை ஓட்டினார்.

“உவ்வளவு போத்திலையும் ஆரடா துடைக்கிறது?”

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. விடிய எழும்பினால் போத்தல் உட்பக்கம் கரி பிடித்துக் கறுத்துப்போய் இருக்கும். கிணற்றடியில் சாம்பல் போட்டுத் துடைப்பார், கை போகாத வாய்க்குள் துணியைச் சுற்றிய ஈர்க்கை விட்டு. வட்டத்துக்கு வெளியே இருந்த அம்மா.

“இது எல்இடி அம்மா, கரி பிடியாது” என்றேன்.

“அப்ப சரி” என்றார்.