310எஸ் பரீட்சையும் உயர்த்திய ட்ரக்கின் 'டொக்' சத்தமும்

சென்ற வாரம், ஒன்ராறியோவில் வாகனத் திருத்துநர் உரிமத்துக்கான 310எஸ் பரீட்சையின் பெறுபேறு வந்தது: 78 வீதம். ஏழு மாதங்களுக்கு முன்னர் 67 வீதத்துடன், மூன்று வீதம் குறைந்து தவறியவன் நான். என்னை வீழ்த்தியது ஸ்டியரிங், சஸ்பென்ஷன் பகுதி. கராஜில் நாள்தோறும் கை வைக்கும் வேலையிலேயே தோற்றது இன்னும் உறுத்துகிறது. கேள்விகளை வெளியிடக் கூடாது, ஆகவே யாரும் கேட்க வேண்டாம். எனது தவறை மட்டும் சொல்கிறேன். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடினேனே தவிர, அது எழும் கணத்தில் பாரம் எந்த மூட்டில் இருக்கிறது என்று நான் ஒருபோதும் யோசித்ததில்லை.

அதை எனக்கு உணர்த்தியது, நான்கு அங்குலம் உயர்த்தி 35 அங்குல ரயர் பூட்டிய, முன் சில்லுகள் இரண்டையும் ஒரே முழு அச்சு இணைக்கும் முக்கால் தொன் ட்ரக் ஒன்று. மெதுவாகத் திருப்பும்போது 'டொக்' என்றது. வாகனத்தைத் தூக்கும் ஹொயிஸ்டில் ஏற்றிப் பார்த்து, சில்லைத் திரும்ப விடும் குண்டு மூட்டான போல் ஜொயின்ட் ஒன்றில் சிறிது ஆட்டம் இருக்கக் கண்டு, இரு பக்கமும் மாற்றிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் அதே சத்தத்துடன் ட்ரக் திரும்பி வந்தது. கராஜின் மூத்தவர் அதை ஹொயிஸ்டில் ஏற்றவே விடவில்லை. "தம்பி, ட்ரக் நிலத்திலயே நிக்கட்டும். நான் ஸ்டியரிங்கை ஆட்டிறன், நீர் கீழ படுத்துப் பாரும்" என்றார். சில்லுகளுக்குக் கட்டை வைத்து, எஞ்சின் ஓட, அவர் கால் சுற்று இடமும் வலமுமாகத் திருப்பினார். அச்சு பக்கவாட்டில் நகராதபடி அதை ட்ரக்கின் அடிச்சட்டத்துடன் பிணைக்கும் தண்டான ட்ராக் பாரின் சட்டப் பக்கத்து போல்ட் அதன் துளைக்குள் ஒவ்வொரு முறையும் ஒரு மில்லிமீற்றர் அளவு நகர்ந்தது. துளை முட்டை வடிவமாகியிருந்தது. போல்ட் தலையைச் சுற்றி மஞ்சள் தூள் போலத் துரு படிந்திருந்தது. ரயர் நிலத்தைப் பிடித்திருக்கும்போதுதான் ஸ்டியரிங் அச்சைப் பக்கவாட்டில் தள்ளும்; சில்லுகள் தொங்கும்போது அந்தத் தள்ளல் இல்லை, ஆகவே சத்தமும் இல்லை. ட்ரக்கை உயர்த்துவதற்காக ட்ராக் பாரைக் கீழிறக்கும் பிராக்கெட் நீளமாக இருப்பதால், அதில் நெம்புவிசையும் கூடுகிறது.

ஆகவே கேள்வியை வாசிக்கும்போது முதலில் தேட வேண்டியது சில்லு நிலத்திலா, தொங்குகிறதா என்பதே.

– போல் ஜொயின்டின் ஆட்டத்தைச் சோதிக்க, சுருள்வில் கீழ் ஆர்மில் (சில்லைச் சட்டத்துடன் இணைக்கும் கை) இருந்தால், போல் ஜொயின்டுக்கு அருகே கீழ் ஆர்மின் அடியில் ஜாக்கி வைக்க வேண்டும்; மேல் ஆர்மில் இருந்தால், மேல் ஆர்முக்கு முட்டுக் கொடுத்துச் சட்டத்தின் அடியில் வைக்க வேண்டும். நான் முதல் தடவை குழம்பியது இதிலேதான்.
– சில்லை மேலும் கீழும் பிடித்து அசைக்கும்போது தெரியும் ஆட்டம், பிறேக்கை அழுத்தியதும் மறைந்தால் சில்லைச் சுழலவிடும் ஹப் பேரிங்கையும், மறையாவிட்டால் போல் ஜொயின்டையும் சந்தேகிக்கலாம்.
– வலப்பக்கம் வளையும்போது உறுமல் கூடினால், பாரம் ஏறும் இடது பேரிங்கைப் பாருங்கள்.
– றப்பர் புஷ் (மூட்டுக்குள் இருக்கும் றப்பர் உறை) உள்ள கொன்ட்ரோல் ஆர்ம் போல்ட்டுகளை ட்ரக் தன் சில்லுகளில் நிற்கும்போதே இறுதியாக இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் புஷ் எந்நேரமும் முறுகியிருந்து, முனகி, விரைவில் கிழியும்.

இந்த விதி மறுபுறமும் வேலை செய்யும். தனித்தனி முன் சஸ்பென்ஷன் உள்ள ட்ரக்கை ஸ்ட்ரட்டின் (சுருள்வில்லும் அதிர்வுதாங்கியும் சேர்ந்த தூண்) மேல் ஸ்பேசர் என்ற இடைத்துண்டு வைத்து உயர்த்தினால், மேட்டைத் தாண்டிச் சில்லு கீழே விழும் கணத்தில் மேல் ஆர்ம் சுருள்வில்லில் மோதக்கூடும். நிற்கும் ட்ரக்கில் இதைக் காண இயலாது. ஹொயிஸ்டில் தொங்கவிட்டு, வில்லில் பெயின்ட் உரசிப்போன இடத்தைத் தேட வேண்டும்.

படிப்பு முறையைப் பொறுத்தவரை, கூட்டாகப் படிப்பது எனக்குச் சரிவரவில்லை. ஆளுக்கொரு ட்ரக் கதை சொல்லியே மாலை முடிந்துவிடும். மாதிரி வினாக்களை மனப்பாடம் செய்தும் பயனில்லை. ஒவ்வொரு சஸ்பென்ஷனையும் கையால் வரைந்து, பாரம் செல்லும் வழிக்கு அம்புக்குறி இட்டேன். மண்டபத்தில் அதே அம்புகளை மேசைமேல் விரலால் வரைந்தபோது பக்கத்திலிருந்தவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். முதல் தடவை நான்கு மணித்தியாலத்தில் இரண்டு முடிவதற்குள் எழுந்து வந்துவிட்டேன். இம்முறை, மணி முடியப் பத்து நிமிடம் இருக்கும்போதுதான் எழுந்தேன்.