ஒற்றை மகரந்தமணி

ஜூன் 3
ஈயோசீன் காலக் (சுமார் 5 கோடி ஆண்டுப் பழைய) களிப்பாறை, 10 கிராம். டிப்டெரோகார்ப், அதாவது குங்கிலிய மரக் குடும்பத்தின் மகரந்தம் இதில் இருக்கிறதா என்று தேடுகிறேன். மேல்பரப்பைச் சுரண்டிக் கழித்துவிட்டு உள்பகுதியை மட்டும் பட்டாணி அளவுக்கு உடைத்தாயிற்று. மாவாக அரைத்தால் மகரந்தமும் நொறுங்கும். 10% ஹைட்ரோகுளோரிக் அமிலம், நுரை அடங்கும்வரை. சுண்ணாம்பு மிச்சமிருக்க ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தை ஊற்றினால் கால்சியம் ஃபுளோரைடு படிந்து ஸ்லைடையே மறைத்துவிடும்.

ஜூன் 4
பாறையின் சிலிக்கா கரைய 40% ஹைட்ரோஃபுளோரிக். பிளாஸ்டிக் பீக்கர்தான், கண்ணாடியை அரித்துவிடும். அமிலம் தோலில் பட்டால் தடவ கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கைக்கெட்டும் தூரத்தில்.

ஜூன் 5
ஊறுகிறது.

ஜூன் 7
அமிலம் போகும்வரை கழுவி, 10 மைக்ரான் சல்லடை. பிறகு அடர்த்தி 2.0 உள்ள துத்தநாகக் குளோரைடு: கனிமம் அடியில், மகரந்தம் மேலே. மிச்ச அழுக்கைப் போக்க நைட்ரிக் அமிலம் இரண்டே நிமிடம். டிப்டெரோகார்ப் மணியின் சுவர் மெல்லியது. நேரம் கூடினால் வெளிறிக் கரையும். அந்த மரமே அங்கில்லை என்று ஸ்லைடு பொய் சொல்லும்.

ஜூன் 9
இருக்கிறது! மூன்று பிளவு, வலைப்பின்னல் சுவர். ஒன்றே ஒன்று.

ஜூன் 10
அந்த ஒன்றை எவ்வளவு நம்புவது? இந்தக் குடும்பத்தின் விதைக்கு இறக்கை இருந்தும் கடல் தாண்டுவது அரிது. உலர்ந்தால் முளைக்காது, உப்புநீரும் ஆகாது. அதனால்தான் ஒவ்வொரு மணியும் நிலவழியைப் பற்றிய கேள்வியாகிறது. ஆப்பிரிக்காவில் தோன்றி, வடக்கே நகர்ந்த இந்தியத் தட்டில் ஏறி, அங்கிருந்து தென்கிழக்காசியா: இந்த வழி 2022-இல் மகரந்தச் சான்றுகளோடு முன்வைக்கப்பட்டது. குஜராத்தின் வஸ்தான் சுரங்கத்தில் கிடைத்த, சுமார் 5 கோடி ஆண்டுப் பழைய அம்பரும் (கல்லாகிப்போன மரப்பிசின்) இதே குடும்பத்தின் பிசின் என்று வேதியியல் காட்டியிருக்கிறது. பிசின் துணை நின்றால் பலம். தனி மணி இவ்வளவு நீண்ட வழியைத் தாங்காது.

ஜூன் 11
அதே ஸ்லைடில் இரண்டு காற்றுப்பை, நடுவே வரிவரியாகக் கோடு. மூன்று மணிகள். குளோசோப்டெரிஸ் என்ற, அழிந்துபோன விதைத்தாவர வகை! 25 கோடி ஆண்டுக்கும் முந்தைய பெர்மியன் மகரந்தம் ஈயோசீன் பாறையில் எப்படி? பழைய பாறை அரிபட்டு ஆற்றோடு வந்து மறுபடி புதைந்திருக்கிறது. இலை இப்படி ஏமாற்றுவதில்லை. 1912-இல் பியர்ட்மோர் பனியாற்றருகே தென்துருவப் பயணி ஸ்காட்டின் குழு சேகரித்த ஏறத்தாழ 16 கிலோ கற்களில் இருந்த குளோசோப்டெரிஸ் இலை, அண்டார்க்டிகாவிலேயே வளர்ந்தது. இன்னொரு முறை அரிபட்டுப் பயணம் போனால் இலை சிதைந்துவிடும். மகரந்தம் சிதையாது.

நம் மணியும் அப்படி வந்ததென்றால்?

ஜூன் 12
நீல ஒளியில் ஒளிர்வுச் சோதனை. ஆழப் புதைந்து சூடேறிய மணியின் ஒளிர்வு மங்கிச் சிவக்கும். பெர்மியன் மணிகள் மங்கிய செம்பழுப்பு. நம்முடையது மஞ்சள், சுற்றியுள்ள ஈயோசீன் மணிகளின் அதே மஞ்சள். ஆனால் ஈயோசீனுக்கு முந்தைய, ஆழப் புதையாத கிரெட்டேசியஸ் கால மணியும் இதே மஞ்சளாக ஒளிரலாம். தூக்கம் வரவில்லை.

ஜூன் 13
பாறையில்லாமல் அதே அமிலம், அதே சல்லடையில் வெற்றுச் சோதனை. சுத்தம். இக்கால மகரந்தக் கலப்பு இல்லை.

ஜூன் 15
300 மணி எண்ணி முடிந்தது. டிப்டெரோகார்ப் இன்னும் அந்த ஒன்றுதான். புதிதாக 30 கிராம், மூன்று பீக்கர். இம்முறை நைட்ரிக் வேண்டாம். ஸ்லைடு அழுக்காக இருந்தாலும் பரவாயில்லை. அம்பர்த் துணுக்கு தென்பட்டால் தனியே எடுத்து வைக்க வேண்டும்.

ஜூன் 16
இரண்டாம் பீக்கரில் இன்னும் நுரை.