முதலில் ஜீன் ஐடியைப் பாருங்கள்: வைவா (வாய்மொழித் தேர்வு) முடித்த கையோடு

நேற்று மாலை ரிசல்ட் வந்தது. இரண்டாவது முறையில் தேறிவிட்டேன். முதல் முறை தோற்றது பாடம் தெரியாததால் அல்ல என்பது இன்னும் உறுத்துகிறது. புல் குடும்பப் பயிர்களில் ஜீன் ரெகுலேஷன் (ஜீன் கட்டுப்பாடு) எடுத்து காம்ப்ரிஹென்சிவ் தேர்வு எழுதப்போகிறவர்களுக்கு, கம்ப்யூட்டர் முன் உட்காரவைக்கும் அந்தப் பகுதிக்காக மட்டும் இதை எழுதுகிறேன். தியரியை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

முதல் முறை 40 மக்காச்சோள ஜீன்கள் தந்தார்கள். அவற்றில் டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர்கள் (டிஎன்ஏவில் ஒட்டி மற்ற ஜீன்களின் வெளிப்பாட்டைக் கூட்டும் அல்லது குறைக்கும் புரதங்கள்) எவை, எந்தக் குடும்பம் என்று சொல்ல வேண்டும். எல்லா ஐடியும் (ஜீனின் அடையாளப் பெயர்) ஜிஆர்எம்இசட்எம் என்று தொடங்கின. அப்படியே காப்பி செய்து டேட்டாபேஸில் போட்டேன். 27 ஐடிக்கு விடை வந்தது. மிச்சம் 13-ஐ ‘ஃபேக்டர் இல்லை’ என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

வைவாவில் எக்ஸாமினர் கேட்டார்: “இல்லைன்னு டேட்டாபேஸ் சொல்லிச்சா, இல்ல உங்க ஐடியே அதுக்குத் தெரியலையா?” எனக்குப் பேச்சு வரவில்லை.

ஜிஆர்எம்இசட்எம் பெயர்கள் பி73 என்ற மக்காச்சோள ரகத்தின் ஜீனோமின் பழைய பதிப்புகளுக்கு உரியவை. நான்காம் பதிப்பில் அதே ஜீன் இசட்எம்00001டி என்று தொடங்கும், ஐந்தாம் பதிப்பில் இசட்எம்00001இபி. பதிப்பு மாறும்போது பெயர் மட்டும் மாறுவதில்லை. ஒரு ஜீன் இரண்டாகப் பிரிந்திருக்கும், இரண்டு ஒன்றாகியிருக்கும், சில காணாமலே போயிருக்கும். மக்காச்சோள டேட்டாபேஸான மெய்ஸ்ஜிடிபியில் பதிப்புக்குப் பதிப்பு ஒப்பிடும் பட்டியல் உண்டு. அதைத் திறக்காமல் எதையும் தொடாதீர்கள். நெல்லிலும் இதே தொல்லைதான். ஓஎஸ்01ஜி0100100 என்று ராப்-டிபி என்ற நெல் டேட்டாபேஸ் சொல்வதை, எம்எஸ்யூ என்ற இன்னொரு நெல் ஜீன் பட்டியல் எல்ஓசி_ஓஎஸ்01ஜி01010 என்கிறது. கடைசியில் ஏழு இலக்கமா ஐந்து இலக்கமா என்று பார்த்தாலே எந்தப் பக்கத்து ஐடி என்று தெரிந்துவிடும். மாற்றித்தரும் வசதி ராப்-டிபியிலேயே இருக்கிறது.

எந்த டேட்டாபேஸ் என்று பலர் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். எனக்கு மூன்று நான்கு போதுமாக இருந்தன. ஃபேக்டர் குடும்பத்துக்கு கிராஸியஸ். 2009-இல் வெளியான இது புல் பயிர்களுக்கென்றே கட்டியது என்பதால் மக்காச்சோளம், நெல், சோளம், கரும்பு எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். சரிபார்க்க பிளான்ட்டிஎஃப்டிபி. ஆர்த்தலாகுக்கு (ஒரே மூதாதை ஜீனிலிருந்து வந்த, வேறு இனத்து இணை ஜீன்) கிராமீன். பைண்டிங் மோடிஃபுக்கு (ஃபேக்டர் ஒட்டும் குறுகிய டிஎன்ஏ எழுத்து வரிசை) ஜாஸ்பர்.

புரோமோட்டர் (ஜீனின் தொடக்கத்துக்குச் சற்று முன்னால் உள்ள டிஎன்ஏ பகுதி) கேள்வியில் நிதானம் வேண்டும். டாஃப் என்ற குடும்பத்து ஃபேக்டர்கள் ஒட்டும் ஏஏஏஜி நான்கே எழுத்து. 2000 பேஸில் (டிஎன்ஏ எழுத்தில்) இரண்டு இழையும் சேர்த்துத் தற்செயலாகவே 15, 16 தடவை வரும். அதை ‘கண்டுபிடித்தேன்’ என்று எழுதினால் உடனே பிடித்துவிடுவார்கள். கட்டுப்படுத்தும் பகுதி பக்கத்திலேயே இருக்கும் என்றும் நம்ப வேண்டாம். அதன் காட்டு மூதாதையான தியோசின்ட்டி கிளைவிடும், மக்காச்சோளம் அப்படிக் கிளைவிடாமல் நிற்பதில் பெரும்பங்கு வகிக்கும் டிபி1 ஜீனின் வெளிப்பாட்டைக் கூட்டுவது, சுமார் 60,000 பேஸ் தள்ளி மேலே செருகியிருக்கும் ஹாப்ஸ்காட்ச் என்ற தாவும் ஜீன். 2000 பேஸ் எடுத்துத் தேடுகிறவர் கண்ணில் அது படவே படாது. இந்த உதாரணத்தை வைவாவில் சொன்னேன், தொடர்ந்து பத்து நிமிடம் அதைப் பற்றியே பேசினோம்.

மதிப்பெண் போகும் மற்ற இடங்கள்:
- மைனஸ் இழை ஜீனுக்கு அப்ஸ்ட்ரீம் (ஜீனின் தொடக்கத்துக்கு முன் பக்கம்) என்பது பெரிய எண் இருக்கும் பக்கம்.
- ஜீனோமில் இடங்களைக் குறிக்கும் ஃபைல்களில் பெட் 0-இல் தொடங்கி எண்ணும், ஜிஎஃப்எஃப் 1-இல்.
- 2000 பேஸ் எங்கிருந்து? டிரான்ஸ்கிரிப்ஷன் தொடங்கும் இடத்திலிருந்தா, புரதக் குறியீடு தொடங்கும் ஏடிஜியிலிருந்தா? எழுதிவிடுங்கள்.
- ஒவ்வொரு விடைக்கும் கீழே ஜீனோம் பதிப்பு.

நான் தனியாக, நோட்டில் கையால் எழுதிப் படிக்கிறவள். குழுவாகப் படித்தால் எனக்கு ஒன்றும் ஏறாது. அதனால் இரண்டாவது முறை மூன்று மணி நேரத்தில் முதல் 30 நிமிடத்தை ஐடி அட்டவணைக்கே கொடுத்தேன்: வந்த ஐடி, புது ஐடி, பிரிந்ததா சேர்ந்ததா. வேகமாக வேலை செய்கிறவர்களுக்கு இது அதிகமாகத் தெரியலாம். இருந்தாலும் குறைக்கச் சொல்லமாட்டேன்.

இந்த முறையும் மூன்று ஜீன்கள் எதிலும் பொருந்தவில்லை. அவற்றைத் தனியாக எடுத்து, ‘புதிய பதிப்பில் இணை இல்லை, ஃபேக்டரா என்று இந்த டேட்டாபேஸ்களை வைத்துச் சொல்ல முடியாது’ என்று எழுதினேன். எக்ஸாமினர் அந்த வரியின் பக்கத்தில் டிக் போட்டிருந்தார்.