காடா துணி கைகொடுத்தது

வேட்டியின் மடிப்புகளும் தெரிகின்றன, முகத்தின் நிறமும் மாறாமல் வந்திருக்கிறது. மொட்டைமாடியில் அப்பாவை உட்காரவைத்து எடுத்த சோதனைப் படத்தைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, அந்த மகிழ்ச்சி ஆறுவதற்குள் இதை எழுதுகிறேன்.

பெரியப்பா மகன் அண்ணனையும் மதினியையும் சேர்த்துப் படம் எடுக்கப் போகிறேன். தெருவையும் திருவிழாவையும் எடுத்துப் பழகியவன் நான். ஒரு ஜோடியை நிறுத்திவைத்து எடுப்பது இதுவே முதல்முறை. அண்ணன் நல்ல கறுப்பு, மதினி மாநிறம். அவர்களுடைய கல்யாண ஆல்பத்தில் இரண்டு பேரையும் ஒரே வெளுப்பாக்கி வைத்திருக்கிறார்கள். அதில் இருப்பது அண்ணனே இல்லை. ஒரு மனிதனின் நிறத்தைக் கேட்காமல் அழித்துவிட்டு அதற்குக் காசும் வாங்குவதை என்னால் பொறுக்க முடியவில்லை. என் படத்தைப் பார்க்கிற யாரும் அண்ணனிடம் "நல்ல கலராகத் தெரிகிறாயே" என்று சொல்லிவிடக் கூடாது. இத்தனை முன்னேற்பாடும் அதற்காகத்தான்.

வெளிச்சத்தை அளவு எடுப்பதில்தான் முதல் சிக்கல். ஒரு சின்ன இடத்தின் வெளிச்சத்தை மட்டும் அளக்கிற ஸ்பாட் மீட்டரை அண்ணன் முகத்தில் வைத்தால் கேமரா அந்தக் கறுப்பை நடுத்தரச் சாம்பலுக்கு இழுத்துவிடும். கூடவே வேட்டியின் மடிப்பெல்லாம் வெளிச்சத்தில் கரைந்துபோகும். முழுச் சட்டகத்தையும் அளக்கவிட்டால் வேட்டியின் வெண்மையை நம்பி முகத்தை இருட்டில் தள்ளும். அதனால் முகத்தை விட்டுவிட்டு வேட்டியை அளக்கிறேன். வெளிச்சம் படுகிற வெள்ளைப் பரப்பில் ஸ்பாட்டை வைத்து, மேனுவலில் 1.7 ஸ்டாப் கூட்டிவிடுகிறேன் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). வெள்ளை வெள்ளையாக நிற்கிறது, முகங்கள் அவரவர் நிறத்தில் தாமாகவே அமைந்துவிடுகின்றன. அப்பாவிடமும் பக்கத்து வீட்டுப் பையனிடமும் சோதித்தேன். இரண்டு நிறத்துக்கும் ஒரே அளவு சரியாக வந்தது.

வெளிச்சத்தை முகத்தின் மேல் திருப்பிவிடுகிற ரிஃப்ளெக்டர் விஷயம்தான் என்னைப் பாடாய்ப்படுத்தியது. கறுத்த தோலுக்கு எக்ஸ்போஷரை, அதாவது கேமராவுக்குள் விடும் வெளிச்சத்தின் அளவை, கூட்டுவதைவிட, பெரிய பரப்பிலிருந்து மென்மையாக வருகிற வெளிச்சம்தான் முக்கியம். கன்னத்திலும் நெற்றியிலும் விரியும் அந்த மெல்லிய மினுமினுப்பில்தான் முகத்தின் வடிவமே தெரிகிறது. நண்பரிடம் இரவல் வாங்கிய வட்ட ரிஃப்ளெக்டரின் வெள்ளிப் பக்கம் எண்ணெய் வழிகிற மாதிரி கூர்மையான புள்ளிகளைத்தான் தந்தது. தங்கப் பக்கம் மஞ்சள் பூசியது. தெர்மாகோல் அட்டை நல்ல வெளிச்சம் தருகிறது, ஆனால் திறந்தவெளிக் காற்றில் ஒடிந்துவிடும்.

ரிஃப்ளெக்டருக்குப் பதில் வீட்டு வேட்டியையே கொடியில் கட்டிப் பார்த்தேன். முகத்தின் ஒரு பக்கம் நீலமடித்தது. சொட்டு நீலம் போட்டு அலசிய வேட்டி வேறு எப்படி இருக்கும்? நிழலில் விழும் வெளிச்சமே வானத்திலிருந்து வருவதால் கொஞ்சம் நீலம்தான். அதன்மேல் இதுவும் சேர்ந்துகொள்கிறது. கணினியில் ஒயிட் பேலன்ஸை, அதாவது படம் முழுவதன் நிறச் சாய்வை, மாற்றிச் சரிசெய்யலாமே என்பார்கள். ஒரு கன்னம் நீலம், மறு கன்னம் இயல்பான நிறம் என்றால், ஒன்றைத் திருத்தும்போது மற்றது கெட்டுவிடும். வெளிச்சத்தை எடுக்கும் இடத்திலேயே சரிசெய்தாக வேண்டும்.

அப்போதுதான் காடா துணி நினைவுக்கு வந்தது. வெளுக்காத துணி, இயல்பிலேயே லேசான பழுப்பு. இங்கே மதுரையில் விளக்குத்தூண் பக்கம் போய் வாங்கிவந்து, கஞ்சி போகும்வரை வெந்நீரில் ஊறவைத்து அலசினேன். நீலமும் கிடையாது, பிளீச்சிங்கும் கிடையாது. புது மண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிப்போன தையல்காரர் ஒருவரிடம், இரண்டு மடிப்பாக வைத்து, நான்கு ஓரத்திலும் குழாய் நுழையும் அளவுக்கு மடித்துத் தைக்கக் கொடுத்தேன். "திரைச்சீலையா தம்பி?" என்று கேட்டவர், காரணத்தைச் சொன்னதும் மூலைகளில் கூடுதலாக ஒரு தையல் போட்டுத் தந்தார். அவ்வளவு நேர்த்தியான வேலை! சட்டத்துக்கு முக்கால் அங்குல பிவிசி பைப்பும் நான்கு எல்போவும் போதும். பசை போடாதீர்கள், கழற்றிப் பையில் வைத்துப் பைக்கில் கொண்டுபோகலாம்.

நிழலின் நீலத்தை அந்தப் பழுப்பு ஈடுகட்டிவிடுகிறது. ஒற்றை மடிப்பில் தனியாக ஒரு துண்டும் தைத்துவைத்திருக்கிறேன். வெயில் ஏறிவிட்டால் தலைக்கு மேலே பிடிக்க உதவும். நம் ஊர் வெயில் அப்படி. சித்திரையிலும் ஆவணியிலும் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சிக்கே வந்துவிடும், கண்குழிகளில் இருட்டு அடைத்துக்கொள்ளும். நாங்கள் எடுக்கப் போகிற மாசியில் அவ்வளவு மோசமில்லை என்றாலும், காலையில் கிடைக்கும் மென்வெயில் சீக்கிரம் ஓடிவிடும்.

இடம் கீழக்குயில்குடி, சமணர் மலை அடிவாரம். தெப்பக்குளத்தில் காலை நடைப்பயிற்சிக் கூட்டம் இருக்கும்; மதினி கூச்சப்படுவார். நாயக்கர் மகாலின் தூண் வரிசையில் பக்கவாட்டு வெளிச்சம் அற்புதமானது, ஆனால் காலை மென்வெயில் நேரத்தில் உள்ளே போக முடியாது. 1636இல் கட்டிய அந்தத் தூண்களுக்கு நடுவே கறுப்பு வெள்ளையில் ஒரு வரிசை எடுக்க வேண்டும் என்று வேறு ஆசை இருக்கிறது. அதற்கு மேட் தாளில் அச்சிட்டுத் தருகிற கடையை இப்போதே தேடிக்கொண்டிருக்கிறேன். விசாரித்த இடங்களிலெல்லாம் பளபளப்புத் தாளையே தலையில் கட்டப் பார்க்கிறார்கள்.

கீழக்குயில்குடிக்கு ஒருமுறை போய் நிழலைப் பார்த்துவந்தேன். அய்யனார் கோயில் ஆலமரத்தின் நட்டநடு நிழல் வேண்டவே வேண்டாம். இலை வழியே இறங்கும் புள்ளி வெயில் முகத்தைத் துண்டுதுண்டாக்கும், இலைப் பச்சையும் தோலில் ஏறும். நிழல் முடிகிற ஓரத்தில், வெளிச்சத்தைப் பார்த்து உட்காரவைப்பதுதான் சரி. தாமரைக் குளத்துப் படி அதற்கு ஏற்ற இடம். அண்ணன் உயரம் என்பதால் அவரை ஒரு படி கீழே உட்காரவைத்தால் இரண்டு முகமும் ஒரே மட்டத்துக்கு வரும். ரிஃப்ளெக்டர் பக்கம் அண்ணன், அதற்கு அப்பால் மதினி. அருகில் இருப்பவருக்குத்தானே வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்கும்.

என் ஏபிஎஸ்-சி (சற்றுச் சிறிய சென்சார் கொண்ட) கேமராவில் 50 மி.மீ. லென்ஸ். இரண்டு மீட்டர் தூரத்தில் லென்ஸின் திறப்பை எஃப் 1.8 என்று அகலமாக வைத்தால் முன்னும் பின்னுமாக 12 செ.மீ. ஆழத்துக்குத்தான் துல்லியம், ஒருவர் சற்றுப் பின்னால் சாய்ந்தாலும் போச்சு. திறப்பைக் குறுக்கி எஃப் 4 என்றால் கால் மீட்டர் கிடைக்கிறது. பின்னணி கரையாவிட்டாலும் பரவாயில்லை, மலை தெரியட்டுமே.

"தம்பி, அண்ணனுக்குப் பவுடர் போட்டுக் கூட்டி வரட்டுமா?" என்று மதினி கேட்டார். வேண்டவே வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். கறுத்த தோலில் பவுடர் சாம்பல் பூத்துக் காட்டும். ஈரத்துண்டால் ஒற்றி எடுத்தால் போதும். மதினிக்குச் சுங்குடிச் சேலை, கருஞ்சிவப்பு. பூவை முந்தின நாளே வாங்கினால் மல்லி இரவில் மலர்ந்து, காலைக்குள் ஓரம் பழுத்துவிடும். மாட்டுத்தாவணிக்கு விடியும் முன்னே போய் அன்றைய மொட்டை வாங்கிக் கட்டிக்கொண்டு வருவதாக அண்ணன் ஏற்றுக்கொண்டார்.

"கட்டிப்பிடிக்கச் சொன்னால் எழுந்து போய்விடுவேன்" என்றும் சொல்லிவிட்டார். சொல்ல மாட்டேன். இருவரும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுவது எனக்குத் தெரியும். அண்ணன் பேசப் பேச மதினி தரையைப் பார்த்துச் சிரிப்பார். அது போதும்.

இனி மிச்சம் இரண்டு வேலை. இன்னொரு பேட்டரி வாங்க வேண்டும். சட்டத்தைக் காற்றில் அசையாமல் பிடிக்க ஆள் வேண்டும். சித்தி மகன் வருகிறேன் என்றிருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை காலை அவன் எழுந்துகொள்ள வேண்டும். படங்கள் வந்ததும், வேட்டியை அளந்து எடுத்ததையும் முகத்தை அளந்து எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன்.