பிள்ளைகளுக்கு நெற்றியில், டீச்சருக்குத் தாடையில்

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். வகுப்பில் பாதிப் பேருக்கு நெற்றியிலும் மூக்கிலும் பரு. போன வருடம் பின்பெஞ்சுப் பெண் ஒருத்தி என் முகத்தையே பார்த்துவிட்டு, "டீச்சர், உங்களுக்குமா?" என்றாள். எனக்கு வயது 34.

பதினாறு வயதில் எனக்கும் வந்ததுதான். நெற்றி முழுக்கப் பொடிப்பொடியாக, முனை வெள்ளையாகவோ கருப்பாகவோ இருக்கும். காலேஜ் முடிப்பதற்குள் தானாகப் போய்விட்டது. இந்த முறை வந்தது தாடை ஓரத்திலும் மோவாயிலும். நாலைந்துதான், ஆனால் தோலுக்கடியில் சுண்டைக்காய் மாதிரி உருண்டு, தலைகாட்டாமல் பத்து நாள் வலிக்கும். தலையணையில் கன்னம் வைக்க முடியாது. மாதவிலக்குக்கு ஒரு வாரம் முன்னால் தவறாமல் ஆஜர்.

பழைய வைத்தியத்தையே எடுத்தேன். நாளைக்கு நாலு முறை சோப்பு, ராத்திரி எலுமிச்சை. அன்றைக்கு எண்ணெய் வடிந்த முகம் அதைத் தாங்கியது. இப்போது தோல் வறண்டு உரிந்து எரிந்தது, பரு அப்படியே இருந்தது. "சூடு கண்ணு, எளனி குடி" என்றார் அத்தை. குடித்தேன், நன்றாகத்தான் இருந்தது.

அப்புறம் ஒரு மெடிக்கல் ஷாப். "முகக்குருவினோ? இது மதி" (பருவுக்கா? இது போதும்) என்று கடைக்காரர் ஒரு டியூப் எடுத்துக் கொடுத்தார். சீட்டு எதுவும் கேட்கவில்லை. மூன்றாம் நாளே முகம் பளபளத்தது. மூன்று வாரம் போட்டு நிறுத்தியதும் முகமெல்லாம் சிவந்து, முன்பு இல்லாத இடத்திலும் பொரிந்தது. அதில் இருந்தது ஸ்டீராய்டு.

அதைச் சொன்னவர் பொள்ளாச்சியில் நான் பார்த்த தோல் டாக்டரம்மா. முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே கேள்விகளை ஆரம்பித்தார். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, மோவாயில் முடி வளர்கிறதா, எடை கூடியிருக்கிறதா, அடுத்த குழந்தைக்கு யோசனை உண்டா. கடைசிக் கேள்விதான் என் மருந்தையே மாற்றியது. எங்களுக்கு இரண்டாவது குழந்தைக்கு ஆசை. அப்படியானால் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை கூடவே கூடாது, வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும், வழக்கமாகக் கொடுக்கும் அடாபலீன் களிம்பும் வேண்டாம் என்று சொல்லி, அசெலெயிக் ஆசிட் கிரீம் எழுதினார். பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்கும் அவசியம் வந்திருக்காது.

பிசிஓஎஸ் என்கிற, சினைப்பையைப் பாதிக்கும் ஹார்மோன் கோளாறு இருக்குமோ என்ற சந்தேகத்தில் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் எடுத்தோம். எல்லாம் நார்மல். உண்மையைச் சொன்னால் கொஞ்சம் ஏமாற்றம், காரணம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றாவது கிடைத்திருக்கும். "ஹார்மோன் அளவு சரியா இருந்தாலும், எண்ணெய்ச் சுரப்பி அதுக்குக் கூடுதலாத் துள்ளும்மா, பெரியவங்களுக்கு இது சகஜம்" என்றார்.

தலைக்குத் தேய்க்கும் தேங்காய் எண்ணெய் நெற்றிக்கும் கன்னத்துக்கும் இறங்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். பாலக்காட்டில் இதைக் கடைப்பிடிப்பது தனிப் பாடு. மென்மையான ஃபேஸ் வாஷ் இரண்டே வேளை, மாய்ஸ்சரைசர், பகலில் சன்ஸ்கிரீன். 12 வாரம் பொறுக்கச் சொன்னார். முதல் இரண்டு வாரம் கிரீம் போட்டதும் ஊறல். ஆறாவது வாரம் டியூபைத் தூக்கி எறியப் போனேன். அத்தைதான் "காசு போட்டு வாங்குனது, தீத்துரு" என்றார்.

கறுப்புத் தழும்புகள் இன்னும் முழுதாக மறையவில்லை. இந்த மாதம் மாதவிலக்குக்கு முன்னால் ஒன்றே ஒன்று, இடது தாடையில். அதுவும் மூன்றாம் நாளே அமுங்கிவிட்டது.