ஹெரால்டுக்குப் பின்சக்கரம்தான் பிரச்சினை

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடத்தில் இந்த வண்டிக்குப் போட்ட பணத்தில் முக்கால்வாசி எஞ்சினுக்குப் போனது. ஓட்டப்பாதையில் ஒரு சுற்றுக்கு ஆறு விநாடி குறைந்ததோ பின்பக்க வில்லில், அதாவது பின்சக்கரத்தைத் தாங்கும் பட்டை ஸ்பிரிங்கில், செய்த வேலையால், அதற்கு ஆன செலவு பதினோராயிரத்துச் சொச்சம். இதை யாராவது எனக்கு முதலிலேயே சொல்லியிருந்தால் கேட்டிருப்பேனா என்றால், கேட்டிருக்க மாட்டேன். உண்மையில் ஒருவர் சொன்னார். நான்தான் கேட்கவில்லை.

வண்டி 1965 மாடல் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், இரண்டு கதவு. வலங்கைமான் பக்கம் சித்தப்பாவின் அரிசி ஆலையில், உமிக் கொட்டகையின் மூலையில் இருபது வருடத்துக்கு மேல் கிடந்தது. உமி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பக்கத்தில் வாய்க்கால், ஐப்பசி கார்த்திகையில் தரையே வியர்க்கும். அப்படிப்பட்ட இடத்தில் இரும்பு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஸீட்டுக்குள் எலி மூன்று தலைமுறை குடித்தனம் நடத்தியிருந்தது.

இது என்ன ஸ்போர்ட்ஸ் காரா என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன். இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் கம்பெனி 1959இல் ஹெரால்டைக் கொண்டுவந்தது, உருவம் கொடுத்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலொட்டி. அதே ஹெரால்டின் அடிப்படையைக் குறுக்கி, மேலே வேறு உடம்பை வைத்து, 1962இல் ஸ்பிட்ஃபயர் என்று ஸ்போர்ட்ஸ் காராக விற்றார்கள். முன்சஸ்பென்ஷன், பின்சஸ்பென்ஷன், எஞ்சின் எல்லாம் ஒரே குடும்பம். நம்மிடம் ஸ்டாண்டர்ட் என்ற பெயரில் மதராசில் செய்து விற்றது கடைசி வரை 948 சிசிதான். ஆக என்னிடம் இருப்பது ஸ்பிட்ஃபயரின் அண்ணன், கொஞ்சம் தொப்பை உள்ள அண்ணன்.

சேஸி தனி, பாடி தனி என்பதால் கழற்றுவது சுலபம். போல்ட்டைக் கழற்றக் கழற்ற துண்டு துண்டாக வந்துவிடும், சில துண்டுகள் போல்ட்டைக் கழற்றாமலேயே வந்தன. சேஸியின் நடு முதுகெலும்பு நன்றாக இருந்தது, பக்கவாட்டில் நீளும் கைகள்தான் பாதி காணாமல் போயிருந்தன. 2 மில்லிமீட்டர் தகட்டில் புதிதாக மடக்கிப் பற்றவைத்தோம். வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் கூண்டான ரோல் கேஜின் குழாய்களையும் பாடித் தகட்டில் நிறுத்தாமல் சேஸி வரை இறக்கினோம். இந்த வேலை ஆறு மாதம் இழுத்தது, காரணம் வண்டி இல்லை, நான் உரக்கடைக்காரன். ஜூன் 12 மேட்டூர் திறந்தால் அப்புறம் குறுவை, சம்பா, தாளடி என்று ஞாயிற்றுக்கிழமை என்ற ஒன்றே எனக்குக் கிடையாது.

அப்புறம் எஞ்சின். எல்லோரையும் போல நானும் இங்கேதான் விழுந்தேன். ஹெரால்டின் பானட் முழுதாக முன்பக்கம் சாய்ந்து திறக்கும், முதலை வாயைத் திறந்த மாதிரி. முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு எஞ்சின் வேலை பார்க்கலாம். அவ்வளவு வசதியாக இருந்தால் கை சும்மா இருக்குமா. சிலிண்டரின் விட்டமான போர் 63 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக் 76 மில்லிமீட்டர், நீண்ட ஸ்ட்ரோக் எஞ்சின், சுற்றுவதற்கு அவசரப்படாத சுபாவம். அதைப் போர் பண்ணி அடுத்த அளவு பிஸ்டன், ஹெட்டைச் சீவி, வால்வு ஸீட் வெட்டி, பழைய அம்பாசிடர்களில் வந்த எஸ்.யூ கார்புரேட்டர் இரண்டைத் தேடிப்பிடித்து, அதற்கு ஒரு மேனிஃபோல்ட் அடித்து, நாலு குழாய் தனித்தனியாக வந்து சேரும் எக்ஸாஸ்ட்டை சைலன்ஸர் பட்டறையில் வளைத்து, இரண்டு கார்புரேட்டரையும் ஒரே மூச்சில் இழுக்க வைக்க ரப்பர் குழாயைக் காதில் வைத்துக்கொண்டு உஸ் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுத் திருகி, ஒன்றேகால் வருடம். சத்தம் பிரமாதம். தெருவில் போனால் டீக்கடையில் கிளாஸை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். இந்தச் சத்தத்துக்காகத்தான் நான் ஒன்றேகால் வருடம் உழைத்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

முதல் அடி முன்சக்கரத்தில் விழுந்தது. ஆலைக் களத்தில், நெல் காயப்போடாத ஒரு வாரத்தில், உமி மூட்டைகளை வரிசையாக வைத்து அதற்குள் வளைந்து வளைந்து ஓட்டிப் பழகிக்கொண்டிருந்தேன். வேகம் என்று ஒன்றும் இல்லை, சைக்கிள் வேகம். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தபோது 'டக்' என்று ஒரு சத்தம், இடது முன்சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கிப் படுத்துவிட்டது. களத்தில் நடந்தது என் அதிர்ஷ்டம்.

இந்த ஹெரால்ட், ஸ்பிட்ஃபயர் குடும்பத்து வண்டி வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இது. முன்சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தண்டின் அடிமுனை மரையாக வெட்டப்பட்டு ஒரு செப்புக் கலவைக் கட்டைக்குள் திருகி நிற்கும், அதன் பெயர் ட்ரனியன். ஸ்டியரிங் திருப்பும்போதெல்லாம் அந்த மரை அதற்குள் சுழலும். அதற்கு ஊற்ற வேண்டியது கியர் எண்ணெய், 90 நம்பர். கிரீஸ் அல்ல. கிரீஸை அடித்தால் அது மேலேயே அடைத்துக்கொண்டு மரைக்குப் போய்ச் சேராது, அடியில் ஈரம் தங்கும், இரும்பு அரிக்கும், ஒரு நாள் ஒடியும். என் வண்டியில் வேலை பார்த்த பட்டறையில் பம்பை வைத்து நன்றாக, அன்பாக, நாலு முறை கிரீஸ் அடித்திருந்தார்கள். நானும் பக்கத்தில் நின்று "இன்னும் கொஞ்சம் அடிங்க அண்ணே" என்றவன்தான்.

புது ட்ரனியனுக்கு அலைந்தபோது ஒரு யோசனை வந்தது. சுவாமிமலை நமக்குப் பக்கத்தில்தானே, மெழுகில் உரு செய்து காவிரி வண்டல் மண்ணைப் பூசி ஐம்பொன் வார்ப்பவர்களுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? பழையதை எடுத்துக்கொண்டு போனேன். அந்த ஸ்தபதி அதைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "வார்த்துத் தரலாம் தம்பி, அச்சு அசலா இருக்கும். ஆனா சாமி சுத்துறதில்ல, சாமிய தூக்கிக்கிட்டு நாமதான் சுத்துறோம். உராயற சாமானுக்கு உலோகம் வேற." அதற்கு மேல் நான் பேசவில்லை. இங்கிலாந்திலிருந்து தபாலில் ஒரு ஜோடி வரவழைத்தேன், தண்டுகளோடு. இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் மரை எதிரெதிர்த் திசை, மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

மாசியில் கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஒரு நாள் ஓட்ட இடம் கிடைத்தது. செட்டிபாளையத்தில் இருக்கிறது, சுற்று 2.1 கிலோமீட்டர். பதினாலு அடி லாரியை வாய்க்கால் கரையோடு ஒட்டி நிறுத்தி, கரையிலிருந்து இரண்டு பலகை போட்டு வண்டியை ஏற்றினோம். சித்தப்பாவும் வந்தார். அவர் இளவயதில் சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் பார்த்தவர், வழி நெடுக அந்தக் கதைதான். ஹெரால்டு எப்படிப் போகும் என்று கேட்டேன். "நேரா நல்லா போவும். திரும்புறப்போ காலை எடுத்துடாதே" என்றார். சொன்ன ஒருவர் இவர்தான்.

நான் காலை எடுத்தேன். எட்டாவது சுற்றோ என்னவோ, வலது வளைவில் பாதியில் முன்னால் போன வண்டி பிரேக் போட, நான் ஆக்ஸிலரேட்டரை விட்டேன். பின்பக்கம் யாரோ ஜாக்கி வைத்தது போல எழும்பியது, அடுத்த நொடி நான் வந்த திசையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தேன். மண்ணில் போய் நின்றதால் வண்டிக்கு ஒன்றும் இல்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு வளைவிலும் கிழவன் போல ஓட்டினேன். அன்றைய நல்ல சுற்று 1 நிமிடம் 49 விநாடி.

விஷயம் இதுதான். ஹெரால்டின் பின்பக்கம் ஸ்விங் ஆக்ஸில். எஞ்சினின் சுழற்சியை இரண்டு பின்சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியல் நடுவில் இருக்கும். இரண்டு பக்க ஷாஃப்டும் டிஃபரென்ஷியல் பக்கத்தில் மட்டும்தான் மடியும், சக்கரத்தின் பக்கம் மடியாது. அதனால் வண்டியின் பின்பக்கம் மேலே எழும்பினால் சக்கரத்தின் அடி உள்ளே இழுக்கப்படும். வளைவில் பாதியில் காலை எடுத்தால் எடை முன்னால் போகும், பின்பக்கம் எழும்பும், வெளிச்சக்கரம் உள்ளே மடியும், இரண்டு சக்கரத்துக்கும் நடுவே அகலம் குறையும், அந்தச் சக்கரத்தையே ஊன்றுகோலாக்கி வண்டி இன்னும் எழும்பும். இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. ட்ரையம்ஃப்காரர்களே 1970இல் வந்த ஸ்பிட்ஃபயர் மார்க் 4இல் இதைச் சரிசெய்ய, வில்லின் அடிப்பட்டையை மட்டும் இறுக்கிவிட்டு மற்றப் பட்டைகளை நடுவில் ஆட விட்டார்கள். நம் ஊரில் ஹெரால்டுக்கு அடுத்து 1972இல் வந்த ஸ்டாண்டர்ட் கெஸலில் ஸ்விங் ஆக்ஸிலையே தூக்கிவிட்டு, இரண்டு சக்கரத்தையும் மடியாமல் இணைக்கும் ஒற்றை ஆக்ஸில் போட்டார்கள். கும்பகோணத்தில் நான் கேட்ட மூன்று மெக்கானிக்கும் "கெஸல் ஆக்ஸில் கிடைச்சா போட்டுடுங்க, இல்லன்னா அம்பாசிடர் ஆக்ஸில்" என்றார்கள். நல்ல யோசனைதான். எனக்கு மனசு வரவில்லை, அதை எடுத்துவிட்டால் அப்புறம் அது ஹெரால்டே இல்லை.

செய்தது இவ்வளவுதான். டிஃபரென்ஷியலுக்கு மேல் குறுக்காக ஒரே நீள வில், அதுதான் இரண்டு பின்சக்கரத்தையும் தாங்குகிறது. லாரி வில் பட்டறையில் கொடுத்துப் பட்டைகளின் வளைவை இறக்கினேன். வில்லுக்கும் டிஃபரென்ஷியலுக்கும் நடுவில் 20 மில்லிமீட்டர் அலுமினியக் கட்டை, அதற்கேற்ற நீள ஸ்டட்கள். வண்டி தாழ்ந்தது, சக்கரத்தின் அடி வெளியே வந்தது, பாரம் ஏற்றிய வண்டியில் கால் அகட்டி நிற்கும் மாடு போல. அளக்க அலைன்மென்ட் கருவி எதுவும் இல்லை, கொத்தனாரின் தூக்குக் குண்டுதான். ரிம்மின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் 15 மில்லிமீட்டர் வித்தியாசம், கணக்குப் போட்டால் இரண்டரை டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு. அதோடு சக்கரம் ஓர் அளவுக்கு மேல் கீழே தொங்காதபடி லாரியில் சரக்குக் கட்டும் நைலான் பட்டையை இரண்டு பக்கமும் கட்டினேன். பார்க்க அசிங்கம், வேலை செய்கிறது. முன்பக்கம், வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியான ஆன்ட்டி ரோல் பாரைத் தடித்ததாக மாற்றினேன், சாய்வின் சுமையை முன்சக்கரம் அதிகம் ஏற்றுக்கொண்டால் பின்சக்கரம் பிழைக்கும் என்று.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த வேலை எடை பார்த்ததுதான். நெல் மூட்டை நிறுக்கும் எடைமேடை ஆலையில் ஒன்று இருக்கிறது, 300 கிலோ வரை தாங்கும். மேடை உயரத்துக்கு மூன்று மரக்கட்டை வெட்டி மற்ற மூன்று சக்கரத்துக்கும் வைத்து, ஒவ்வொரு சக்கரமாக மேடையில் ஏற்றினோம். ஓட்டுநர் இடத்தில் என் எடைக்கு நெல், ஒரு 60 கிலோ மூட்டையும் மேலே ஒரு 15 கிலோ சிப்பமும், பெல்ட் போட்டு. மூட்டைக்கு ஹெல்மெட்டையும் மாட்டிவிட்டான் சித்தப்பா பையன். முன் இடது 203, முன் வலது 214, பின் இடது 168, பின் வலது 192, மொத்தம் 777 கிலோ. மூலைக்கு மூலை, அதாவது முன் இடதோடு பின் வலதையும் முன் வலதோடு பின் இடதையும் கூட்டிப் பார்த்தால் 395க்கு 382, இரண்டும் சமமாக இருக்க வேண்டும். முன் வலது சுருள் ஸ்பிரிங்குக்கு 4 மில்லிமீட்டர் தகடு கொடுத்ததும் 389க்கு 388 வந்தது. நாற்காலியின் ஒரு காலுக்கு அட்டை வைத்து ஆட்டத்தை நிறுத்துவது போலத்தான், ஆனால் அந்த இரண்டு எண்ணும் பக்கத்தில் வந்து நின்றபோது எஞ்சின் முதல்முறை ஸ்டார்ட் ஆனதை விடச் சந்தோஷமாக இருந்தது.

மறுபடியும் செட்டிபாளையம், அதே டயர், அதே எஞ்சின். அதே வலது வளைவில் வேண்டுமென்றே பாதியில் லேசாகக் காலை எடுத்துப் பார்த்தேன், நெஞ்சு அடித்துக்கொண்டது. பின்பக்கம் கொஞ்சம் நகர்ந்தது, எழும்பவில்லை. அப்புறம் பயம் விட்டது. நல்ல சுற்று 1 நிமிடம் 43. அங்கே வந்திருந்த பையன்களின் புது ஹேட்ச்பேக்குகள் என்னைச் சர்வசாதாரணமாகத் தாண்டிப் போயின. அதனால் என்ன, என்னைத் தாண்டும்போது ஒவ்வொருவனும் தலையைத் திருப்பிப் பார்த்தான். மதியத்துக்கு மேல் பிரேக் காலுக்குக் கீழே பஞ்சாகிவிட்டது, நாலு சக்கரமும் டிரம். அது அடுத்த தலைவலி என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அதற்கு முன்னால் இன்னொன்று வந்துவிட்டது. போன ஞாயிறு வண்டியைக் கழுவிவிட்டு நகர்த்தும்போது, கிளட்ச்சை அழுத்தினால் முன்னால் 'டொக்' என்று ஒரு சத்தம். சித்தப்பா பையனை ஸீட்டில் உட்காரவைத்து அழுத்தச் சொல்லிவிட்டு, பானட்டைத் திறந்து, எஞ்சினின் சுழல் தண்டான கிராங்கின் முன்முனையில் இருக்கும் புல்லியைப் பார்த்தேன். அழுத்தும்போதெல்லாம் புல்லி முன்னால் வருகிறது, விட்டால் பின்னால் போகிறது, கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு. கிராங்க் முன்பின் ஆடாமல் தடுக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்து, எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் நிற்கும் சம்ப்புக்குள் விழுந்திருக்கும், இந்த எஞ்சினுக்கு இது பழைய வியாதி. ஒன்றேகால் வருடம் எஞ்சினைப் பிரித்து வைத்திருந்தபோது அந்த இரண்டு பிறைத் துண்டுகளையும் துடைத்து, நன்றாகத்தான் இருக்கிறது என்று அப்படியே திரும்பப் போட்டவன் நான்.

சங்கிலி கட்டி எஞ்சினை இறக்கியாயிற்று, கொட்டகையில் சாக்கு போட்டு மூடியிருக்கிறது. சம்பா அறுப்பு முடிந்து தையில்தான் இனி அதைத் தொட முடியும்.