ஸ்டென்ட் வைத்த பிறகு வந்த மருந்துச் சீட்டு

எனக்கு வயது 52, ஹெச்ஐவி இருப்பது 2009-இல் தெரிந்தது. வைரல் லோட், அதாவது ரத்தத்தில் வைரஸின் அளவு, பல வருடமாகக் கண்டறிய முடியாத அளவில்தான் இருக்கிறது, அந்தத் தெம்பில் இருந்தவனுக்குப் போன வருடம் மாடிப்படி ஏறும்போது நெஞ்சில் ஆரம்பித்துத் தாடை வரை இழுக்கிற வலி.

முதலில் போன தனியார் ஆஸ்பத்திரியில் இசிஜி, ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்து, உடனே ஆஞ்சியோ பண்ணணும் என்று சொன்னார்கள். நான் ஏஆர்டி மாத்திரை, அதாவது ஹெச்ஐவியை அடக்கி வைக்கும் மருந்து, எடுப்பதைச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் ஆஞ்சியோ பண்ணுகிற கேத் லேப் காலியில்லை, வேற இடம் பார்த்துக்கோங்க என்றார்கள். ஹெச்ஐவியைக் காரணம் காட்டி சிகிச்சையை மறுக்கக் கூடாது என்று 2017 சட்டம் சொல்கிறது, எனக்கும் தெரியும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சட்டம் பேச முடியுமா, மனைவி ஆட்டோ பிடித்தாள்.

அடுத்த ஆஸ்பத்திரியில் முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் எடுத்துக்கொண்டார்கள். அங்கே இருந்த இதய டாக்டர், "எல்லா பேஷன்ட்டுக்கும் ஒரே கிளவுஸ்தான், இதுல என்ன இருக்கு" என்று சொல்லிவிட்டு மணிக்கட்டு வழியாகக் குழாயை விட்டார். சாயம் போகும்போது உடம்பெல்லாம் குபீரென்று ஒரு சூடு, அவ்வளவுதான். ஒரு அடைப்பு, ரத்தக்குழாயைத் திறந்து வைக்க ஒரு ஸ்டென்ட்.

சிக்கல் டிஸ்சார்ஜ் சீட்டில்தான். ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரினும் டிகாக்ரெலாரும், கொலஸ்ட்ராலுக்கு அடோர்வாஸ்டாடின் 80 மி.கி., வயிற்று அமிலத்தைக் குறைக்கப் பான்டோப்ரசோல், அப்புறம் பிரஷர் மாத்திரை. ஸ்டென்ட் வைத்த பலருக்கும் எழுதுகிற பட்டியல்தான் இது. ஆனால் நான் அப்போது ஹெச்ஐவிக்கான இரண்டாம் கட்ட மருந்தில் இருந்தேன், அட்டாசனவிரும் ரிடோனவிரும். கல்லீரல் மருந்தைச் சிதைப்பதைத் தடுத்து அட்டாசனவிரை ரத்தத்தில் நிறுத்தி வைப்பதுதான் ரிடோனவிரின் வேலையே, ஆனால் அது அட்டாசனவிரோடு நிற்காது, டிகாக்ரெலாரும் தேங்கும், ரத்தக்கசிவு வரலாம், அடோர்வா அந்த அளவில் தேங்கினால் தசை கெடும். கேஸ் மாத்திரைதானே என்று யாரும் கண்டுகொள்ளாத பான்டோப்ரசோல் இன்னும் மோசம்: அட்டாசனவிர் உடம்பில் சேர வயிற்றில் அமிலம் வேண்டும், அது இல்லையென்றால் வைரஸ் மறுபடி தலைதூக்கும்.

இதெல்லாம் எனக்கு ஏஆர்டி சென்டர் டாக்டரம்மா சொல்லித்தான் தெரியும். வீட்டுக்கு வந்த மறுநாளே சீட்டை எடுத்துக்கொண்டு போனேன். அவர் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்து மூன்று இடத்தில் பேனாவால் சுழித்தார், என் எதிரிலேயே இதய டாக்டருக்குப் போன் போட்டார். "சொல்லுங்க மேடம், எழுதிக்கிறேன்" என்று அந்தப் பக்கம் கேட்டது எனக்கும் காதில் விழுந்தது. டிகாக்ரெலாருக்குப் பதில் ப்ராசுக்ரெல், அடோர்வாவுக்குப் பதில் ரோசுவாஸ்டாடின் 10, கேஸ் மாத்திரை வேண்டாம். இது எனக்கு எழுதியது, அப்படியே நீங்கள் வாங்கிச் சாப்பிட வேண்டாம். முக்கியமாக, மருந்து மோதுமோ என்ற பயத்தில் ரத்தம் உறையாத மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், புது ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும்.

பிறகு என் பழைய பதிவுகளையும் வைரல் லோடையும் பார்த்து டொலுடெக்ராவிர் என்ற வேறு ஹெச்ஐவி மருந்துக்கு மாற்றினார்கள். இதில் இந்த மோதல்கள் இல்லை, பான்டோப்ரசோலும் போடலாம். ஆனால் வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் ஆன்டாசிட் மருந்தை இதோடு சேர்த்துக் குடிக்கக் கூடாது, டொலுடெக்ராவிர் போட்டு இரண்டு மணி நேரமாவது கழிய வேண்டும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்கள் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வைரஸ் அடங்கியிருந்தும் ஏன் இதயம் என்று கேட்டேன். வைரஸ் அடங்கினாலும் உள்ளே மெல்லிய அழற்சி ஓடிக்கொண்டே இருக்குமாம், மற்றவர்களைவிட நமக்கு மாரடைப்பு, பக்கவாத ஆபத்து கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. 2023-இல் வெளியான ரிப்ரீவ் ஆய்வில் ஹெச்ஐவி உள்ள, 40 வயதுக்கு மேற்பட்ட 7,769 பேரைப் பார்த்திருக்கிறார்கள், தினம் பிடாவாஸ்டாடின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரை எடுத்தவர்களுக்குப் பெரிய இதயப் பாதிப்புகள் 35 சதவீதம் குறைவு. எனக்கு இத்தனை வருடத்தில் ஒருவரும் கொலஸ்ட்ரால் பேச்சையே எடுத்ததில்லை. சிடி4 (எதிர்ப்புச் சக்தி அணுக்கள்) என்ன, வைரல் லோட் என்ன, மாத்திரை விடாம சாப்பிடுறீங்களா, முடிந்தது. நீங்கள் 40 தாண்டியிருந்தால் அடுத்த முறை மாத்திரை வாங்கப் போகும்போது நீங்களே கேளுங்கள்.

இப்போது என் மருந்துப் பட்டியல் முழுவதும் ஒரே தாளில் இருக்கிறது, போனிலும் படம் எடுத்து வைத்திருக்கிறேன். ப்ராசுக்ரெலை நிறுத்துவதா என்று அடுத்த மாதம் முடிவு பண்ணுவார்கள், அதற்கு முன்னால் ஏஆர்டி சென்டரில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு போகணும்.